வீட்டுக்காரரின் ஆசான் வீட்டில் ஒரு ராத்திரி தங்கப் போகிறீர்களா?

கல்யாணமான ஒரு மாதத்திலேயே எந்தச் சித்தப்பா வீட்டுக்கு என்ன வாங்கிக்கொண்டு போக வேண்டும், எந்த அத்தையிடம் எதைப் பேசக் கூடாது என்றெல்லாம் மாமியார் சொல்லிக்கொடுத்துவிடுவார். வீட்டுக்காரருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் வீட்டில் போய்த் தங்கினால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. அந்த மனிதர் நமக்கு மாமாவும் இல்லை, பெரியப்பாவும் இல்லை, ஆனால் நம்மைப் பார்ப்பதற்கு முன்னாலேயே நம் வீட்டுக்காரரை வளர்த்தவர்.

என் வீட்டுக்காரர் பதினாறு வயதில் பாலக்காட்டுப் பக்கம் புதுநகரத்தில் கருகிய மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றும் ஒரு மோட்டார் வைண்டிங் பட்டறையில் சேர்ந்து ஐந்து வருஷம் வேலை கற்றவர். இப்போது உடுமலையில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறார். அவருடைய ஆசான் தமிழ் பேசும் ராவுத்தர், எழுபது தாண்டிவிட்டது, பட்டறையை மூடிவிட்டார், மகன் வளைகுடாவில் இருக்கிறார், வீட்டில் அவரும் அவர் மனைவியும் மட்டும்தான். குருவாயூர், திருச்சூர் என்று போகும்போது அவர்கள் வீட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போவது எங்கள் வழக்கம், இதுவரை ஐந்து தடவை தங்கியிருக்கிறோம். அதில் முதல் இரண்டு தடவையும் நான் செய்த தப்புகள் இன்னும் மனசில் இருக்கின்றன. அவற்றை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

கிளம்புவதற்கு முன்னால் உங்கள் வீட்டுக்காரரிடம் (அல்லது மனைவியிடம், சில வீடுகளில் பாட்டு டீச்சர், டான்ஸ் டீச்சர் என்று அந்தப் பக்கத்து உறவாக இருக்கும்) ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்: அவரிடமிருந்து நீங்கள் எப்படிப் பிரிந்து வந்தீர்கள்? நான் கேட்கவில்லை. முதல் தடவை போனபோது, இவர் தனியாகக் கடை போட்ட கதையை நானே பெருமையாக எடுத்துவிட்டேன், எவ்வளவு கஷ்டப்பட்டார், முதல் மாசமே எத்தனை மோட்டார் வந்தது என்று. ஆசான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். விஷயம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. இவர் பட்டறையை விட்டு வந்தது மார்ச் மாசம். வெயில் ஏறி, போர் தண்ணீர் இறங்கி, வோல்டேஜும் குறைந்து, சப்மெர்சிபிள் மோட்டார் வரிசையாகக் கருகி வரும் சமயம் அது. வருஷத்துச் சம்பாத்தியத்தில் பாதி அந்த மூன்று மாசத்தில்தான் வரும். அந்த நேரத்தில் கைப்பழக்கமான ஒரே ஆளும் போய்விட்டார், அதுவும் ஒரு வாரம் முன்னால்தான் சொல்லிவிட்டு. இருவரும் அதைப் பேசிக்கொண்டதே இல்லை. இது தெரிந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். இப்படி ஒன்று அநேகமாக எல்லா ஆசான்-சீடர் உறவிலும் இருக்கும். அதைத் தீர்த்து வைப்பது நம் வேலை இல்லை, ஆனால் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

அடுத்தது போன். ஆண்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வது ஒரே வரிதான்: "வர்றோம் ஆசான்", "வாடா". அது சமையலறைக்குப் போய்ச் சேர்வது நாம் பாலக்காட்டு எல்லையைத் தாண்டிய பிறகாக இருக்கும். அதனால் அந்த வீட்டு அம்மாவிடம் நீங்களே தனியாகப் பேசுங்கள். எத்தனை பேர், எத்தனை மணிக்கு வருகிறோம், காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம், குழந்தை என்ன சாப்பிடும், இதையெல்லாம் இரண்டு நாள் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். முக்கியமாகச் சாப்பாட்டை. இரண்டாவது தடவை நாங்கள் குருவாயூருக்காகச் சுத்தமாக இருந்தோம், கவிச்சி கிடையாது, அதைச் சொல்ல வேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. போய் இறங்கினால் வாசல் வரைக்கும் பிரியாணி வாசனை. மத்தியானத்திலிருந்து நின்று, சின்ன அரிசி வாங்கி, தம் போட்டு வைத்திருக்கிறார். நாங்கள் தயங்கித் தயங்கிச் சொன்னதும் அந்த அம்மா முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, "அதுக்கென்ன" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் அம்மியில் தேங்காய் அரைக்கும் சத்தம் கேட்டது. ராத்திரி ஒன்பது மணிக்கு, மூட்டு வலியோடு இருக்கிற ஒரு பெண், எங்களுக்காக வேறு பாத்திரம் எடுத்து, பருப்பும் துவையலும் ரசமும் வைத்தார். போனில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

அதற்குப் பிறகு நாங்கள் ஒரு முறை வைத்துக்கொண்டோம். விரதம் இருக்கும் பயணமென்றால் போகும் வழியில் தங்குவதில்லை, கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் தங்குகிறோம். அப்போது பிரியாணியும் சாப்பிடலாம். ஆணமும் ஊற்றிக்கொள்ளலாம் (அவர்கள் வீட்டில் குழம்பை ஆணம் என்றுதான் சொல்வார்கள்). கோயிலுக்குப் போகும் வழியில்தான் தங்க முடியும் என்றால் முன்கூட்டியே சொல்லிவிட்டு, "உங்களுக்கு நீங்கள் எப்போதும் போலச் சமைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்குத் தோசை போதும்" என்று கேட்டுக்கொள்வோம். குருவாயூரில் நடை விடிகாலை 3 மணிக்குத் திறந்துவிடும். நடை திறந்ததும் கிடைக்கும் முதல் தரிசனமான நிர்மால்யம் பார்க்க வேண்டும் என்றால் புதுநகரத்தில் தங்குவதே சரிப்படாது, நடுராத்திரியில் அவர்களை எழுப்ப வேண்டி வரும். அப்படியானால் குருவாயூரிலேயே போய்த் தங்குங்கள்.

போய்ச் சேரும் நேரத்தைப் பற்றி. தொழுகை உள்ள வீடு என்றால் அஸருக்கும் மக்ரிபுக்கும் நடுவில், அதாவது சாயங்காலம் ஐந்து மணியை ஒட்டிப் போய்ச் சேர்வது எல்லோருக்கும் வசதி. பாங்கு சொல்லும் நேரத்தில் போய் வாசலில் நின்றால் அவர் உங்களைப் பார்ப்பாரா, பள்ளிவாசலுக்குப் போவாரா? வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆ, அந்த நேரத்தை விட்டுவிடுங்கள். ரமலானில் போகக் கூடாது என்றில்லை, ஆனால் நோன்பு திறக்கும் நேரத்துக்குள் பேரீச்சம்பழத்தோடு போய்ச் சேர்ந்து, அவர்களோடு உட்கார்ந்து கஞ்சி குடியுங்கள், பகலில் போய் அவர்களைச் சமைக்க வைக்காதீர்கள்.

பாதையும் பருவமும் தெரிந்திருந்தால் பாதிச் சிரமம் இல்லை. பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகக் கொழிஞ்சாம்பாறை போகலாம், அல்லது மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் வழியாகக் கொல்லங்கோடு போகலாம். ரயில் வேண்டுமென்றால் பாலக்காடு-திருச்செந்தூர் வண்டி இந்த வழியில்தான் ஓடுகிறது. அக்டோபர், நவம்பரில் பகல் முழுக்க வெயில் அடித்துவிட்டு சாயங்காலம் இடியும் மழையுமாகக் கொட்டும், மூன்று மணிக்கே வண்டியை எடுத்துவிடுங்கள். மார்ச், ஏப்ரலில் வெயில் 40 டிகிரியை ஒட்டிப் போகும், பகல் பயணமே வேண்டாம். ஏப்ரல் தொடக்கத்தில் நெம்மாறை-வல்லங்கி வேலா என்ற கோயில் திருவிழா நடக்கும் நாளில் அந்தச் சாலையில் போனால் நகர முடியாது. நவம்பர் நடுவில் கல்பாத்தித் தேர், அதோடு கார்த்திகை பிறந்தால் சபரிமலைக் கூட்டம், அந்த நாட்களில் கூடவே ஒரு மணி நேரம் கைவசம் இருக்கட்டும். திருச்சூர்ப் பாதையில் 2021-இல் குதிரான் சுரங்கப்பாதை திறந்த பிறகு பழைய மலையேற்றமும் லாரி வரிசையும் இல்லை, அது ஒரு நிம்மதி. கிளம்புவதற்கு முந்தின ராத்திரி ஹர்த்தால் ஏதாவது அறிவித்திருக்கிறார்களா என்று மட்டும் அந்த அம்மாவிடமே கேட்டுவிடுங்கள், அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

என்ன வாங்கிக்கொண்டு போவது? தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கும் வீட்டுக்குத் தேங்காயும், முதலமடைக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு மாம்பழமும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். இனிப்புப் பெட்டியும் யோசித்துத்தான் வாங்க வேண்டும், அந்த வயசில் சர்க்கரை இல்லாத வீடு குறைவு. நாங்கள் கொண்டுபோவது ஊத்துக்குளி வெண்ணெய் (ஈரத்துணியில் சுற்றி, விடிகாலையில் வாங்கினால் கெடாமல் போய்ச் சேரும்), ஆசானுக்குத் திருப்பூர்க் கை வைத்த பனியன் ஆறு. கடையில் எடுக்கும்போது அளவு தெரியாமல் எடுக்காதீர்கள், அம்மாவிடம் கேட்டால் சொல்லிவிடுவார். ஆனால் ஆசான் நிஜமாகவே சந்தோஷப்பட்டது வேறு ஒன்றுக்கு. போன வருஷம் எங்கள் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையனை வீடியோ காலில் கூப்பிட்டு, "உன் மேஸ்திரிக்கு மேஸ்திரி இவர்" என்று காட்டினார் என் வீட்டுக்காரர். அந்தப் பையன் கம்பி சுற்றும் கூடான ஸ்டேட்டரைக் கையில் தூக்கிக் காட்ட, ஆசான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "டேய், ஸ்லாட்டுக்குள்ள தாள் சுருங்கிக் கிடக்கு பாரு, எடுத்துட்டுத் திருப்பிப் போடு" என்றார் முதல் வார்த்தையாக. அந்த ராத்திரி முழுக்க அந்தப் பையனைப் பற்றியே விசாரித்துக்கொண்டிருந்தார். தான் சொல்லிக்கொடுத்தது இன்னொரு கைக்குப் போயிருக்கிறது என்று கண்ணால் பார்த்ததில் அவருக்கு வந்த தெம்பை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. உங்களால் இப்படி ஒன்று முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

எப்படிக் கூப்பிடுவது என்று தயங்க வேண்டாம், வீட்டுக்காரர் எப்படிக் கூப்பிடுகிறாரோ அப்படியே நீங்களும் கூப்பிடலாம். கடைத்தெருவில் எல்லோரும் அவரை ராவுத்தர் என்பார்கள், பாய் என்பார்கள், எனக்கு அவர் ஆசான், அவர் மனைவி அம்மா. காலில் விழும் விஷயத்தை மட்டும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நமக்கு அது மரியாதை, அவர்களுக்கு அப்படியில்லை, படைத்தவன் ஒருவனுக்குத்தான் தலை குனிவது என்று நினைப்பவர் முன்னால் பொத்தென்று விழுந்தால் அவரைச் சங்கடப்படுத்துகிறோம். நான் முதல் தடவை குனியப் போனேன், ஆசான் பதறி இரண்டு அடி பின்னால் போய், "வேண்டாம்மா, நல்லா இருங்க, அது போதும்" என்று கையைத் தூக்கித் தடுத்தார். கை கூப்பினாலே போதும். இந்து வீடாக இருந்தால் கதை வேறு, அந்தப் பக்கம் வெற்றிலை பாக்கில் ஒரு நாணயம் வைத்து தட்சிணை கொடுப்பது இன்னும் வழக்கத்தில் இருக்கிறது, அதைச் செய்யலாம்.

இன்னொன்று, இது தமிழ்நாட்டுக்காரர்கள் அநேகமாக எல்லோரும் செய்வது. தயவுசெய்து அவர்களைப் பார்த்து "தமிழ் நல்லாப் பேசுறீங்களே" என்று சொல்லாதீர்கள். அவர்கள் தமிழ்க் குடும்பம்தான், அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசுகிறவர்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி கேரளம் உண்டாகும் வரை பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தோடுதான் இருந்தது. இன்றைக்கும் பாலக்காட்டுச் சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது. அவர்கள் பேச்சில் மலையாளம் கலந்து வரும், பேச்சை "வர்த்தமானம்" என்பார்கள், முன் திண்ணையை "உம்மறம்" என்பார்கள், அதைத் திருத்தவும் வேண்டாம், கேட்டுச் சிரிக்கவும் வேண்டாம்.

அதே போல ஆற்றுத் தண்ணீர்ப் பேச்சு. நாம் ஆழியாற்றுக்கு மேற்பக்கம் இருக்கிறவர்கள், அவர்கள் கீழ்ப்பக்கம். 1970 பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி கேரளத்துக்கு வருஷம் 7.25 டி.எம்.சி. என்று கணக்கு, மணக்கடவு அணைக்கட்டில் அளந்து விடுகிறார்கள். ஒவ்வொரு கோடையிலும் இந்தப் பக்கத்துக்காரருக்கு ஒரு கோபம், அந்தப் பக்கத்துக்காரருக்கு ஒரு கோபம். விருந்துக்குப் போன இடத்தில் மாநிலத்துக்காக வாதாடாதீர்கள். அதையே வேறு மாதிரிக் கேட்டுப் பாருங்கள்: தண்ணீர் வராத வருஷம் எந்த ஊர் மோட்டார் அதிகமாக வந்தது, எத்தனை அடி ஆழத்திலிருந்து எடுத்து வந்தார்கள் என்று. ஆசான் ஊர் ஊராகச் சொல்வார், எலவஞ்சேரி, பெருவெம்பு, வடகரப்பதி என்று, நாற்பது வருஷத்து நிலத்தடி நீர்க் கதையே வந்துவிடும்.

இனி ராத்திரி. நான் சொல்ல வந்ததில் இதுதான் முக்கியம். சாப்பாடு முடிந்ததும் அவர்கள் இருவரையும் தனியாக விட்டுவிட்டு நீங்கள் எழுந்து உள்ளே போய்விட வேண்டும். குறைந்தது ஒரு மணி நேரம். முதல் தடவை நான் பக்கத்திலேயே மரியாதையாக உட்கார்ந்திருந்தேன், இரண்டு பேரும் எனக்காகவே பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள், ஊர் நலம், மழை, விலைவாசி. அடுத்த தடவை இஷா தொழுகை முடிந்து சாப்பிட்ட கையோடு நான் அம்மாவோடு பின்கட்டுக்குப் போய்விட்டேன். ஜன்னல் வழியாக உம்மறம் தெரியும். என் வீட்டுக்காரர் பையிலிருந்து தான் சுற்றிய ஒரு காயிலை எடுத்து ஆசான் கையில் கொடுத்தார். அவருக்கு அப்போதே பார்வை மங்கியிருந்தது. கம்பியைக் கட்டை விரல் நகத்தால் ஒவ்வொன்றாகத் தள்ளி, உதடு அசைய, எத்தனை சுற்று என்று எண்ணினார். எண்ணி முடித்ததும் ஒன்றும் சொல்லாமல் மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். அப்புறம், "வார்னிஷ் போட்டா எத்தனை நேரம் காய விடற?" என்று கேட்டார். இவர் தலையைக் குனிந்துகொண்டு, "சீசன்ல கொஞ்சம் குறைச்சுக்கறேன் ஆசான்" என்றார். அதற்குப் பிறகு அவர்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை, ரொம்ப நேரம் பேசினார்கள். படுக்க வந்தபோது இவர் கண் சிவந்திருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை, நீங்களும் அந்த ராத்திரியே கேட்காதீர்கள். எங்கள் பட்டறையில் அதற்குப் பிறகு சீசன் என்று காரணம் சொல்லி மோட்டாரை அவசரமாக வெளியே அனுப்புவதில்லை.

பின்கட்டில் உங்களுக்கும் வேலை உண்டு. உங்கள் வீட்டுக்காரரின் பதினாறு வயசை நேரில் பார்த்தவர் அந்த அம்மா. ஐந்து வருஷம் மத்தியானச் சோறு போட்டவர், காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர், ஆசான் திட்டிய நாளில் சமாதானம் சொல்லி அனுப்பியவர். அவருக்கு ஒருவரும் சால்வை போர்த்தியதில்லை. "இவர் அப்போ எப்படி இருந்தார்?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பாத்திரத்தை விளக்கிக்கொண்டே கேளுங்கள். "நீங்க உட்காருங்க, நான் செய்றேன்" என்று அடுப்பைப் பிடுங்காதீர்கள், அவரவர் சமையலறை அவரவருக்கு. தேங்காய் துருவுவது, வெங்காயம் உரிப்பது, எச்சில் இலை எடுப்பது, பாத்திரம் துடைத்து வைப்பது, இவைதான் விருந்தாளி கை வைக்கக் கூடிய வேலைகள்.

படுக்கை விஷயத்தில், பெரியவர்கள் தங்கள் அறையை விட்டுக்கொடுப்பார்கள். "நாங்கள் ஹாலிலேயே படுத்துக்கொள்கிறோம்" என்று ஒரு தடவை மனசாரச் சொல்லுங்கள். அதற்கு மேலும் அவர்கள் வற்புறுத்தினால் ஏற்றுக்கொள்ளுங்கள், அரை மணி நேரம் வாசலில் நின்று மல்லுக்கட்டினால் அவர்களுக்குத் தூக்கம்தான் கெடும். போர்வை, துண்டு, சோப்பு எல்லாம் உங்களுடையதாக இருக்கட்டும். குடிக்கிற தண்ணீர் இளஞ்சிவப்பாக வரும், பயப்படாதீர்கள், பதிமுகம் என்ற மரச்சீவல் போட்டுக் கொதிக்க வைத்தது. குழந்தைகளிடம் முன்னாலேயே சொல்லிவையுங்கள், இல்லையென்றால் எல்லோர் முன்னாலும் முகம் சுளிப்பார்கள். சித்தூர்ப் பக்கம் கிழக்கே போகப் போக மழை குறைவு, போர்வெல்லை நம்பித்தான் வீடு. குளிப்பதற்கு ஒரு வாளி, அதற்கு மேல் வேண்டாம். விடிகாலை சுபுஹுத் தொழுகைக்கு அவர்கள் எழுந்துவிடுவார்கள், ஒரே குளியலறை என்றால் அவர்கள் முடித்த பிறகு நீங்கள் போகலாம்.

கள் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் சித்தூர் வட்டாரம் என்றாலே ஆண்களுக்கு அந்த ஞாபகம் வந்துவிடுகிறது. கேரளத்தில் கள்ளுக்கடைக்கு லைசென்ஸ் உண்டு, நம் ஊரில் 1987 முதல் தடை. குடித்துவிட்டு ஆசான் வீட்டுக்குப் போவது எந்த மதத்து வீடாக இருந்தாலும் கேவலம். பாட்டிலில் ஊற்றிக்கொண்டு எல்லை தாண்டி வரவும் கூடாது.

பணம் கொடுக்கலாமா என்று நிறையப் பேர் யோசிப்பார்கள். கிளம்பும்போது கவரை நீட்டினால் தங்கியதற்கு வாடகை கொடுத்த மாதிரி ஆகிவிடும், நான் வேண்டாம் என்பேன். நிஜமாகவே அந்த வீட்டில் தேவை இருக்கிறது, கண் ஆபரேஷன், மருந்துச் செலவு என்று தெரிந்தால், ஊருக்குத் திரும்பிய பிறகு அவர்கள் மகனிடமோ மகளிடமோ தனியாகப் பேசுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஆசானைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய்க் கண் காட்டிவிட்டு வந்தது என் வீட்டுக்காரர், செலவை மகனும் இவரும் பேசிப் பகிர்ந்துகொண்டார்கள், அதைப் பற்றி ஆசானிடம் ஒருவரும் கணக்குச் சொல்லவில்லை.

காலையில் சொன்ன நேரத்துக்குக் கிளம்பிவிடுங்கள். மெத்தை விரிப்பை மடித்து வைத்துவிட்டு, எதையாவது மறந்தோமா என்று அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வாருங்கள், நீங்கள் மறந்த சார்ஜருக்காக எழுபது வயசுக்காரர் கூரியர் ஆபீஸ் தேடி அலையக் கூடாது. சேர வேண்டிய இடத்துக்குப் போனதும் போன் பண்ணுங்கள், ஆசானுக்கு வீட்டுக்காரர், அம்மாவுக்கு நீங்கள், தனித்தனியாக.

அம்மா எப்படியும் வெறும் கையோடு அனுப்ப மாட்டார். எங்களுக்கு ஒரு எவர்சில்வர் தூக்கில் பத்திரி (அரிசி மாவு ரொட்டி) அடுக்கி, மேலே ஈரத்துணி போட்டுக் கொடுத்தனுப்பினார். தூக்கை அடுத்த தடவை மறக்காமல் எடுத்துப் போனேன், காலியாக இல்லை, எங்கள் வீட்டுக் கொல்லையில் காய்த்த நார்த்தங்காயை உப்பிட்டு நிரப்பி. திறந்து பார்த்துவிட்டு ஒரு துண்டை எடுத்து அங்கேயே வாயில் போட்டுக்கொண்டார், அப்புறம் தூக்கை உள்ளே கொண்டுபோய்க் கழுவி, கிளம்பும்போது மறுபடி பத்திரி வைத்துக் கொடுத்தார். இப்போது அந்தத் தூக்கு எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.